பலதரப்பட்ட மாணவர்கள் அமரும் கல்லூரி வகுப்பு: கற்பித்தல் முறைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பயிற்சி வகுப்புகளிலும் துறைக் கூட்டங்களிலும் எழுப்பும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தொகுக்கப்பட்டுள்ளன. கூடுதல் நிதியோ புதிய கருவிகளோ இல்லாத சாதாரண வகுப்பறையை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

பலதரப்பட்ட மாணவர்கள் என்று யாரைக் குறிப்பிடுகிறோம்?

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட்ட மாணவர் எண்ணிக்கை) 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், நகரத்துத் தனியார் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்தவர், பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு உள்ளவர், இரவில் வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவர் என அனைவரும் ஒரே அறையில் அமரும் நிலையைத்தான் இந்த எண் காட்டுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 2022ஆம் ஆண்டின் புதுமைப்பெண் திட்டமும் இந்தக் கலவையை மேலும் விரிவாக்கியுள்ளன. அரசு கல்லூரிக் கதவை அகலத் திறந்துவிட்டது. கதவுக்கு உள்ளே நடக்கும் ஐம்பது நிமிடப் பாடவேளை மட்டும் பெரும்பாலும் பழைய வடிவத்திலேயே நீடிக்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் கவலை.

தர மதிப்பீட்டுக் குழு கேட்பதால் மாணவர்களை 'மெல்லக் கற்போர்', 'விரைந்து கற்போர்' எனப் பிரித்துச் சிறப்பு வகுப்பு நடத்துகிறோம். அது போதாதா?

போதாது, பல நேரங்களில் அது தீங்கும் செய்கிறது. தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவின் படிவத்தில் மாணவர் பன்முகத்தன்மை குறித்த பகுதி, கற்றல் நிலையைக் கண்டறிந்து இவ்விரு வகையினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்கிறீர்களா என்று நெடுங்காலம் கேட்டுவந்ததால், முதல் உள்தேர்வு முடிந்ததும் பெயர்ப்பட்டியல் தயாரித்து மாலையில் ஒரு மணி நேரம் கூடுதல் வகுப்பு நடத்துவது பல கல்லூரிகளில் சடங்காகிவிட்டது. பட்டியலில் இடம்பெறும் மாணவர், காலையில் புரியாத அதே விரிவுரையை மாலையில் இன்னொரு முறை, பசியோடு கேட்கிறார். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தால் அவமானமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழி, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களில் முயன்று பார்க்கப்பட்டது. அங்கு யூரி டிரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோல்வியடைகிறார்கள் என ஆராய்ந்தார். ஆர்வமின்மை, குடும்ப ஆதரவின்மை, வறுமை, பள்ளிக் கல்வியின் போதாமை என்று சக ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் அவர் கண்டதோடு பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் தனித்தனியே அறைக்குள் உட்கார்ந்து நேர்மையாக உழைத்தார்கள். நன்றாகத் தேர்ச்சி பெற்ற சீன வம்சாவளி மாணவர்களோ கூட்டாக அமர்ந்து கணக்குகளைப் போட்டு, ஒருவர் விடையை மற்றவர் சோதித்து, எது தேர்வில் வரும் என்பது வரை பேசிப் படித்தார்கள். டிரீஸ்மன் குறைதீர் வகுப்பை நடத்தவில்லை. வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, திறமைசாலிகளுக்கான கூடுகை என்று அறிவித்து, குழுவாகப் போடச் செய்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது. பட்டியலிட்டுத் தாழ்த்துவதற்குப் பதிலாக, எல்லாருக்கும் உரிய பாடவேளைக்குள்ளேயே கூட்டாகச் சிந்திக்கும் வேலையைக் கொண்டுவருவதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அறிக்கைக்குப் பட்டியல் தேவையென்றால் அது கோப்பில் இருக்கட்டும். மாணவர் கண்ணில் பட வேண்டியதில்லை.

அப்படியானால் விரிவுரையே கூடாதா?

கூடும், ஐம்பது நிமிடமும் அது மட்டுமே என்பதுதான் கூடாது. அறிவியல், பொறியியல், கணித இளநிலைப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், மாணவர் ஏதேனும் செய்தும் பேசியும் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. 2020இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வறிய குடும்பங்களிலிருந்தும் சிறுபான்மை இனங்களிலிருந்தும் வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி, செயல்வழி வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தேர்ச்சி விகித இடைவெளி 45 விழுக்காடு குறைந்தது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர் செயலுக்கு ஒதுக்கிய இடங்களில்தான் இந்தப் பலன் கிடைத்தது. மாதம் ஒரு கருத்தரங்கு, பருவத்துக்கு ஒரு வினாடி வினா என்று தூவுவதால் இடைவெளி சுருங்குவதில்லை.

இவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்புகளில் எடுக்கப்பட்ட எண்கள். நம் ஊர் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் காரணம் நமக்கும் பொருந்துவதுதான். விரிவுரையில் புரியாமல் போனதை வீட்டில் அக்காவிடமோ அப்பாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்புள்ளவர் தப்பித்துக்கொள்கிறார். அந்த வாய்ப்பு இல்லாதவருக்கு வகுப்பறை மட்டுமே இருக்கிறது.

அறுபது பேர் உள்ள வகுப்பில், நகர்த்த முடியாத பெஞ்சுகளுக்கு நடுவே, இதை எப்படிச் செய்வது?

மிக எளிதாகத் தொடங்கக்கூடியது, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுத்த சக மாணவர் கற்பித்தல் முறை. நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரைக் கூடத்துக்காகவே உருவானது என்பதால் பெஞ்சுகளை நகர்த்த வேண்டிய தேவையே எழாது. ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு கருத்தை விளக்கிவிட்டு, கணக்கிடத் தேவையில்லாத, கருத்தை மட்டும் சோதிக்கும் வினா ஒன்றை நான்கு விடைகளுடன் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர்கள் ஓரிரு நிமிடம் பேசாமல் தனியே யோசிக்கிறார்கள்; பிறகு அனைவரும் ஒரே நேரத்தில் தம் விடையைக் காட்டுகிறார்கள். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், விடையை வெளியிடாமல், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரைத் தன் பக்கம் இழுக்கும்படி சொல்லி மூன்று நிமிடம் பேசவிடுகிறார். மறுபடி விடை காட்டச் சொன்னால் சரியான விடைகள் பெரும்பாலும் கூடியிருக்கும். அதன்பின் விளக்கம். சரியான விடை 30 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் பேசவிட்டுப் பயனில்லை. ஆசிரியர் வேறு வழியில் மீண்டும் விளக்க வேண்டும். 70க்கு மேல் இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த கருத்துக்கு நகரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: நேர்மேலே எறியப்பட்ட பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? நான்கு விடைகள்: சுழி; மேல்நோக்கி 9.8; கீழ்நோக்கி 9.8; கணத்துக்குக் கணம் மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்களிலும் பலர் சுழி என்பார்கள். திசைவேகம் சுழியாவதை முடுக்கத்தோடு குழப்பிக்கொள்வதால் வரும் பிழை இது. கீழ்நோக்கி 9.8 என்பதைச் சரியாகப் பிடித்தவர் சில வேளை கடைசி பெஞ்சில் இருப்பார். அவர் முன் பெஞ்சு மாணவருக்கு விளக்கும் அந்த மூன்று நிமிடம், யார் கெட்டிக்காரர் என்று வகுப்பு வைத்திருக்கும் கணிப்பையே கலைத்துவிடும். எந்தச் சிறப்பு வகுப்பாலும் செய்ய முடியாத வேலை அது.

விடை காட்டுவதற்கு மின்னணுக் கருவி தேவையில்லை. நான்கு நிற அட்டைகள் போதும்; அதுவும் இல்லையென்றால் நெஞ்சுக்கு நேராக ஒன்று முதல் நான்கு விரல்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் எல்லாரும் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். ஒரு பாடவேளைக்கு இரண்டு வினாக்களுக்கு மேல் வேண்டாம். நல்ல வினா எழுதுவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: தவறான விடைகள் மூன்றும் மாணவர் உண்மையில் செய்யும் பிழைகளிலிருந்து பிறக்க வேண்டும். அவை பழைய விடைத்தாள்களில் ஏராளமாகக் கிடைக்கும்.

"புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். கேள்வி கேட்டால் மௌனம். என்ன செய்வது?

முதலில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியதுமே விடைகள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியைத் தமிழில் வாங்கி, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் விடை கோக்க வேண்டிய மாணவருக்கு மூன்று வினாடியும் போதாது; அரை நிமிடம் எழுதச் சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது. எழுதியதைப் பக்கத்து மாணவரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கேட்டால் இன்னும் நல்லது. அப்போது அவர் சொல்வது இருவரின் விடையாகிவிடுகிறது; தவறானாலும் தனியாகத் தலைகுனிய வேண்டியதில்லை.

வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் சொல்லி எழுப்பி நிறுத்துவது வேறு வகை. விடை தெரியாதவரை நிற்க வைத்தே பாடத்தைத் தொடரும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு; அப்படி நிற்பவர் அடுத்த அரை மணி நேரம் எதையும் கற்பதில்லை.

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு ஆங்கிலவழிப் பாடத்தை எப்படி நடத்துவது?

தமிழ்நாட்டு வகுப்பறையின் மிகப் பெரிய கேள்வி இதுவே. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவை வரவேற்கத்தக்கவை. என்றாலும் வேலைவாய்ப்பை எண்ணிப் பெரும்பாலான மாணவர்களும் பெற்றோரும் ஆங்கிலவழியையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், அந்த ஆங்கிலவழி வகுப்புக்குள் தமிழ் எப்படிப் பயன்பட வேண்டும் என்பதுதான் ஆசிரியர் அன்றாடம் தீர்க்க வேண்டிய பிரச்சினை.

தமிழ்வழி மாணவருக்கு வகைக்கெழு தெரியும், தொகையிடல் தெரியும், மின்தடை தெரியும், சவ்வூடு பரவல் தெரியும். கல்லூரியில் அவை வேறு ஒலியில் வரும்போது, ஏற்கெனவே படித்த ஒன்றைத்தான் கேட்கிறோம் என்பதே அவருக்குப் புலப்படுவதில்லை. ஆசிரியரோ அவருக்கு அடிப்படையே தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்த இழப்பைத் தடுக்க, ஒவ்வொரு அலகும் தொடங்குமுன் அதில் வரும் பதினைந்து இருபது கலைச்சொற்களை ஆங்கில எழுத்திலும், அவற்றின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலும், பள்ளிப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லோடு ஒரே தாளில் கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடநூல்கள் இரு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் இந்தத் தாளைத் தயாரிக்க ஒரு மாலைப் பொழுது போதும். இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு முதலாண்டு மாணவர்களிடம் சொல்வதும் பலன் தரும். அகராதியைப் புரட்டுவதைவிட அது விரைவான வழி.

வகுப்புக்குள், கருத்தை முதலில் தமிழில் விளங்கவைத்து, கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே நிறுத்தி, விடை எழுதுவதை ஆங்கிலத்தில் பழக்குவது ஒரு நல்ல வரிசை. குழு விவாதம் தமிழில் நடக்கட்டும். அதன் முடிவை மட்டும் இரண்டு ஆங்கில வாக்கியங்களாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலம் வளரட்டும் என்று விவாதத்தையும் ஆங்கிலத்தில் கட்டாயப்படுத்தினால், பேசுவது ஆங்கிலவழியில் படித்த நான்கைந்து பேர் மட்டுமே. பிற மாநில மாணவர்கள் வகுப்பில் இருந்தால் தமிழ் விளக்கத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லிவிட வேண்டும். இல்லையேல் ஒருவருக்குத் திறந்த கதவை இன்னொருவருக்கு மூடியவர்களாவோம். விடைத்தாளில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை மொழிப்பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெப்ப இயக்கவியல் விடையில் வினைச்சொல் பிழையாக இருப்பதால் வெப்பம் திசைமாறிப் பாய்ந்துவிடாது.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என மாணவர்களை வகைப்படுத்தி அதற்கேற்பப் பாடம் நடத்தலாமா?

வேண்டாம். 2008இல் உளவியலாளர்கள் நால்வர் இந்தக் கொள்கைக்கு இருந்த சான்றுகளைத் திரட்டிப் பரிசீலித்து, அதை வகுப்பறையில் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒரே கருத்தைப் படமாகவும் சொல்லாகவும் செயலாகவும் காட்டுவது நல்லதுதான். அது எல்லாருக்கும் நல்லது. வினாப்படிவம் கொடுத்து மாணவர் நெற்றியில் இன்னொரு முத்திரை குத்தத் தேவையில்லை.

குழுக்களை எப்படி அமைப்பது? மாணவர்கள் தாங்களாகவே சேர விட்டால் என்ன?

தாங்களாகச் சேர விட்டால் ஒரே ஊர், ஒரே விடுதி, ஒரே பள்ளி, பல நேரங்களில் ஒரே சாதி என்றே குழு அமையும். எல்லாக் குழுக்களும் நிறைந்த பிறகு எஞ்சி நிற்கும் இரண்டு மூன்று பேர் யார் என்பதைக் கவனித்தால் கல்லூரியின் சமூக வரைபடம் முழுதும் தெரிந்துவிடும். எனவே குழுவை ஆசிரியர்தான் அமைக்க வேண்டும். பதிவேட்டு எண்ணைக் கொண்டு குலுக்கினால் போதும். நான்கு பேருக்கு மிகாமல் வைத்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றலாம். ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசையில் அமரும் வகுப்புகளில் முதல் சில வாரங்கள் அவரவர் வரிசையிலேயே குழு இருக்கட்டும்; கலப்பை முதல் நாளே கட்டாயப்படுத்தினால் சில மாணவியர் பேசுவதை அடியோடு நிறுத்திவிடக்கூடும்.

குழுவில் ஒருவர் உழைக்க மூவர் பெயர் போட்டுக்கொள்வதைத் தடுக்க, 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் வகுத்த பகுதிப் பங்கீட்டு முறை உதவும். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது மூண்ட பகைமையைத் தணிக்க உருவான முறை அது. பாடத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஒவ்வொருவரும் தம் பகுதியை மற்ற மூவருக்கும் கற்பிக்கச் செய்வார்கள். இறுதியில் நான்கு பகுதியிலிருந்தும் தனித்தனித் தேர்வு. யாரையும் ஒதுக்கிவிட்டுத் தேர்ச்சி பெற முடியாது.

இதையொட்டி ஒன்று: உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்காக வகுப்பு நடுவே சாதிப் பிரிவைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகளே பாகுபாடாகக் குறிப்பிட்டுவிட்டன. துறை அலுவலகத்தில் படிவத்தை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. காலையில் அப்படி எழுந்து நின்றவர் பிற்பகல் குழு விவாதத்தில் தாராளமாகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களையும் ஒதுக்குகிறது. தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் உதவியாளரும் உண்டு என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் தேர்வுக்கு முந்தைய தொண்ணூறு வேலை நாட்களில் என்ன செய்வது என்பதில்தான் தெளிவு குறைவு.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் கைப்பேசியிலோ கணினியிலோ திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை ஒலியாக வாசிக்கும் மென்பொருள்) மூலம் படிக்கிறார். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். ஆனால் ஆசிரியர் தரும் குறிப்பு, நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்த கோப்பாக இருந்தால் அதில் வாசிக்க எழுத்தே இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததாக இருந்தால் பொருளற்ற ஒலிகள்தான் வரும். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்வது என்ற ஒரே பழக்கம், சிறப்பு நிதி எதுவும் இல்லாமல், ஒரு மாணவருக்குப் பாடம் முழுவதையும் திறந்துவிடுகிறது. கரும்பலகையில் எழுதும்போது "இதையும் இதையும் கூட்டினால் இது" என்று சொல்வதை விட்டு, எழுதுவதை வாயால் முழுமையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், கடைசி வரிசையில் தலைகள் மறைக்கப் பலகை தெரியாமல் இருப்பவருக்கும் புரியும்.

செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் தனிப் பட்டப்படிப்புகளே இருக்கின்றன. மற்றக் கல்லூரிகளில் அவர்கள் பொது வகுப்பில்தான் அமர்கிறார்கள். பலகையைப் பார்த்தபடி பேசும் ஆசிரியரின் உதடு அவர்களுக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு, திரும்பி நின்று பேசுவது போதுமான தொடக்கம். திக்கிப் பேசும் மாணவருக்கும் பெருங்கூச்சமுள்ளவருக்கும், வகுப்பின் முன் நின்று செமினார் எடுப்பதற்கு மாற்றாகப் பதிவுசெய்த உரையையோ எழுத்து வடிவத்தையோ அனுமதிக்கலாம். அந்த மாற்று வழியைக் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் என்று அறிவிக்காமல், வேண்டுவோர் யாரும் தேர்ந்தெடுக்கலாம் என்று பொதுவாகவே வைத்துவிடுவது மேல்.

வேலைக்குச் செல்லும் மாணவர்களும், பேருந்து தாமதத்தால் முதல் பாடவேளையைத் தவறவிடுபவர்களும்?

வருகைப் பதிவு 75 விழுக்காடு என்ற விதியை ஆசிரியர் மாற்ற முடியாது. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் புதுக் கருத்தைத் தொடங்காமல், முந்தைய வகுப்பை நினைவுகூரும் எழுத்துப் பயிற்சியை வைத்தால் தாமதமாக வருபவர் இழப்பது குறையும். ஒவ்வொரு வகுப்பின் சாரத்தையும் அரைப்பக்கக் குறிப்பாகவோ ஐந்து நிமிட ஒலிப்பதிவாகவோ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். ஒரு மணி நேரக் காணொளியைத் தரவிறக்கப் பலரிடம் இணையத் தரவு இருக்காது; ஒலிப்பதிவைப் பேருந்தில் நின்றபடியும் கேட்கலாம்.

இப்படியெல்லாம் செய்தால் ஐந்து அலகுகளையும் எப்படி முடிப்பது?

முழு விரிவுரையாக நடத்தி ஐந்து அலகுகளையும் முடித்துவிட்டோம் என்பது ஆசிரியரின் பாடத்திட்டப் பதிவேட்டில் இருக்கும் உண்மை. மாணவரின் விடைத்தாளில் நான்காம் ஐந்தாம் அலகுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது திருத்தியவர்கள் அனைவருக்கும் தெரியும். வரையறை, வகைப்பாடு, நன்மை தீமைப் பட்டியல் போன்றவை பாடநூலிலேயே தெளிவாக இருப்பவை. அவற்றை வகுப்பில் வாசித்துக் குறிப்பெழுத வைப்பதை நிறுத்தி, பக்க எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே படித்துவரச் செய்தால் கணிசமான நேரம் மிஞ்சும். படிக்காமல் வருவார்களே என்றால், வருவார்கள்தான். படித்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒரு சிறு கேள்வியோடு வகுப்பைத் தொடங்கி, அதற்கு உள்மதிப்பெண்ணில் மிகச் சிறிய பங்கு கொடுத்தால் சில வாரங்களில் நிலைமை மாறத் தொடங்கும். எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் எங்கும் எழுதப்படவில்லை.

பருவத் தேர்வு மாறாதபோது கற்பித்தலை மட்டும் மாற்றிப் பயன் உண்டா?

உண்டு, நினைவிலிருந்து எழுதுவதையே தேர்வு கேட்கிறது என்றாலும், நினைவில் நிற்கச் செய்வதற்கும் மீண்டும் மீண்டும் படிப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே தெளிவாக முன்னணியில் இருந்தார்கள். வாரம் ஒரு முறை மதிப்பெண் இல்லாத ஐந்து நிமிடத் தேர்வு நடத்தி, விடைகளை மாணவர்களே சரிபார்த்துக்கொள்ளச் செய்தால் இந்தப் பலன் வகுப்புக்குக் கிடைக்கும். ஆசிரியருக்குத் திருத்தும் சுமையும் இல்லை.

ஒப்படைப்புகளில் இன்னொரு குறையைச் சரிசெய்யலாம். எதற்காக இந்தப் பணி, சரியாக என்ன செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்து, நல்ல விடை ஒன்றையும் சுமாரான விடை ஒன்றையும் மாதிரியாகக் காட்ட வேண்டும். குடும்பத்தில் பட்டதாரிகள் உள்ள மாணவருக்கு, பேராசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும். முதல் தலைமுறை மாணவருக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாணவர்களே "நீங்களே நடத்திவிடுங்கள், நோட்ஸ் கொடுங்கள்" என்று கேட்டால்?

கேட்பார்கள், அதில் வியப்பில்லை. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை, கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோன்ற மயக்கத்தைத் தருகிறது. முயன்று, தவறி, திருத்திக்கொள்வது சோர்வு தருகிறது. அந்தச் சோர்வை மாணவர் அறியாமையாக எண்ணிக்கொள்கிறார். பருவத்தின் தொடக்கத்திலேயே இதை விளக்கிவிடுவதும், முதல் உள்தேர்வு விடைத்தாள்களைக் கொடுக்கும் நாளில் வகுப்பில் விவாதித்த வினாக்களில் அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று காட்டுவதும் எதிர்ப்பைப் பெரிதும் தணிக்கும். சுருக்கமான நோட்ஸ் கொடுப்பதில் தவறொன்றுமில்லை. கொடுங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா?

முழுவதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்று மானியக் குழு 2018இல் வரையறுத்தது. அதே வேலையைக் குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு இருப்போமா என்ற உறுதியின்றிச் செய்பவரிடம் வினா வங்கி தயாரிக்கச் சொல்வது பொருந்தாது. துறையே பாடவாரியாகக் கருத்து வினாக்களையும் கலைச்சொல் தாள்களையும் பொதுவில் சேர்த்து வைத்தால் புதிதாக வருபவர் எடுத்துப் பயன்படுத்தலாம். கல்லூரி ஆசிரியர்களுக்கான மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்களின் பயிற்சிகளிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும். தனி ஆளாகத் தொடங்குவதாக இருந்தால் ஒரு பாடம், வாரத்தில் ஒரு பாடவேளை, இரண்டு வினாக்கள் போதும்.

பலன் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது?

வகுப்புச் சராசரியைப் பார்க்காதீர்கள். அது மேலே இருப்பவர்களால் எளிதில் உயர்ந்துவிடும். முதல் உள்தேர்வில் கடைசிக் கால் பங்கில் இருந்தவர்களின் மதிப்பெண் மூன்றாம் உள்தேர்வில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்களின் தேர்ச்சியைத் தனித்தனியே கணக்கிட்டு, இடைவெளி சென்ற ஆண்டைவிடச் சுருங்கியிருக்கிறதா என ஒப்பிடுங்கள். இந்தக் கணக்கு ஆசிரியரின் கையேட்டோடு இருக்கட்டும். பருவத்தின் நடுவே ஒரு துண்டுத் தாளில், பெயர் எழுதாமல், எது உதவுகிறது, எது புரியவில்லை என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்குங்கள். பருவ இறுதியில் கல்லூரி வாங்கும் கருத்துப் படிவம் அந்த வகுப்புக்குப் பயன்படாது. நடுவில் வாங்கியதை அடுத்த வாரமே வகுப்பில் வாசித்து, எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லிவிடலாம். இவற்றோடு, ஒரு வாரத்தில் வகுப்பில் வாய் திறந்து பேசியவர்களின் பதிவேட்டு எண்களை மட்டும் குறித்துவாருங்கள். அந்த எண்கள் இருபதைத் தாண்டவில்லை என்றால், நீங்கள் பாடம் நடத்துவது அறுபது பேருக்கு அல்ல.